மூணாமிடத்து மாப்பிள்ளை

அசமந்தம்பட்டிக்கு எப்படிப் போவது என்று அந்த ஊர்க்காரர்களிடமே கேட்டால், "நாங்க ஏற்கெனவே இங்கேதானே இருக்கோம், எங்களுக்கு வழி எதுக்கு?" என்பார்கள். நல்ல மனிதர்கள். சொன்ன சொல்லைத் தட்டமாட்டார்கள். சொன்னதற்கு மேல் ஒரு துளி யோசிக்கவும் மாட்டார்கள். "அடுப்பைப் பார்த்துக்கோங்க" என்று பெண்டாட்டி சொல்லிவிட்டுத் தண்ணிக்குப் போனால், பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைகிறவரை கண் கொட்டாமல் அடுப்பையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவள் திரும்பி வந்ததும், "அணைஞ்சதைக்கூடப் பார்த்தேன்" என்று பெருமையாகச் சொல்வார்கள்.

அந்த ஊரில் மாசாணம் என்று ஒரு வாலிபன் இருந்தான். அவனுக்கு வெயிலுகந்தாள் மேல் ஆசை. அவளுக்கும் அவன் மேல் ஆசைதான். அது வந்த கதை இப்படி. ஒருநாள் தண்ணீர் இறைக்கும்போது வெயிலுகந்தாளின் ஒற்றைக் கொலுசு கழன்று கிணற்றில் விழுந்துவிட்டது. கிணற்றடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். மாசாணம் கிணற்றில் குதித்து மூழ்கி மூழ்கித் தேடினான். சேறுதான் கிடைத்தது. மேலே வந்து அவளுடைய இரண்டு கால்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தான்.

"ஒரு காலிலே இருக்கு, ஒரு காலிலே இல்லைன்னுதானே அழுறே?"

"ஆமா."

"அதைக் கழற்று."

கழற்றிக் கொடுத்தாள். வாங்கிக் கிணற்றில் போட்டான்.

"இப்ப ரெண்டு காலும் சமம்" என்றான்.

வெயிலுகந்தாள் தன் கால்களைப் பார்த்தாள். அழுகை நின்றுவிட்டது. இவ்வளவு நியாயமான ஆண்பிள்ளையை அவள் அதுவரை கண்டதில்லை. அன்றைக்கே மனசுக்குள் அவனைப் புருஷனாக வைத்துக்கொண்டாள்.

அறுப்பு முடிந்ததும் அவள் அப்பா குப்பாண்டியிடம் பெண் கேட்கலாம் என்று மாசாணம் நாளைத் தள்ளிக்கொண்டே வந்தான். அதற்குள் குப்பாண்டி மகளின் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்து டவுன் ஜோசியரிடம் போய்விட்டார். ஜோசியர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு ஜாதகத்தைப் புரட்டினார்.

"கவலைப்படாதே. உன் மகளுக்கு மூணாமிடம்தான் பேசுது. மாப்பிள்ளை மூணாமிடத்திலே இருக்கான். ஆனா வர்ற வெள்ளிக்கிழமை முகூர்த்தத்தை விட்டுட்டா, மூணு வருஷத்துக்குக் கல்யாணப் பேச்சே எடுக்கக்கூடாது."

குப்பாண்டி ஊருக்கு ஓடிவந்து நாட்டாமை தவசியிடம் சொன்னார். தவசி உடனே சாவடியில் கூட்டம் போட்டார்.

"மாப்பிள்ளை மூணாமிடத்திலே இருக்கானாம். எதிலே மூணாமிடம்?"

எல்லாரும் யோசித்தார்கள். ஊரே யோசிக்கும்போது காக்காய்கூடக் கத்தாது.

"அறிவிலேயா இருக்கும்" என்றார் ஒருவர்.

"அறிவிலே நம்ம ஊரிலே எல்லாருமே முதலிடம். மூணாவதுக்கு வெளியூரிலேதான் போய்த் தேடணும்."

"பலத்திலே?"

"அடிச்சுப் பார்த்தாத்தானே தெரியும். அடிச்சா மாப்பிள்ளை முகம் வீங்கிப்போகும்."

"வயசிலே?"

"வயசிலே மூணாவது எங்க பெரியப்பா. அவருக்குப் பல்லு இல்லை. கல்யாணச் சாப்பாட்டை அவரே சாப்பிட முடியாது."

கடைசியில் தவசி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "பார்த்தவுடனே தெரியறது உயரம்தான். உயரத்திலே மூணாமிடம் யாரோ, அவன்தான் மாப்பிள்ளை."

கூட்டத்தின் கடைசியில் நின்ற மாசாணம் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். ஊரில் கல்யாணமாகாத வாலிபர்களில் அவன் அண்ணாந்து பார்த்துப் பேசுவது இரண்டே பேரிடம்தான். பனையேறி சுடலை ஒருவன். வண்டிக்காரன் சங்கிலி இன்னொருவன். மூன்றாவது தான்தானே? கூட்டம் கலைந்ததும் கிணற்றடிக்குப் போய் வெயிலுகந்தாளிடம் சொல்லிவிட்டான். அவள் அன்றைக்குக் குடம் கொண்டுவந்ததையே மறந்து, சந்தோஷத்தை மட்டும் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் அளவெடுப்பு. சாவடிச் சுவரை ஒட்டி ஒவ்வொருவரையும் நிறுத்தித் தலைக்கு மேல் கரியால் கோடு போட்டார்கள். எல்லாக் கோடும் போட்டு முடித்துத் தள்ளி நின்று பார்த்தபோதுதான், எந்தக் கோடு யாருடையது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. "அவனவன் கோட்டை அவனவனே அடையாளம் சொல்லுங்கப்பா" என்றார் தவசி. எல்லாரும் ஆக உயரத்தில் இருந்த கோட்டைக் காட்டினார்கள்.

சரி, கயிறு என்று முடிவானது. உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை ஆளுக்கு ஒரு கயிறு அளந்து வெட்டி, அதை அந்த ஆளே கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். சுடலையின் கயிறுதான் ஆக நீளம். அடுத்தது சங்கிலி. மாசாணம் தன் கயிற்றைச் சங்கிலியின் கயிற்றோடு வைத்துப் பார்த்தான். ஒரு விரற்கடைதான் குறைவு. மனசுக்குள் மேளம் கொட்டத் தொடங்கியது.

அப்போதுதான் மூலையில் உட்கார்ந்து கோரைப்பாய் பின்னிக்கொண்டிருந்த பிச்சைமணி, "என்னையும் அளந்திருங்கண்ணே" என்று எழுந்தான். எழுந்தான், எழுந்தான், எழுந்துகொண்டே இருந்தான். மாசாணம் அவனை அதுவரை உட்கார்ந்த நிலையில்தான் பார்த்திருக்கிறான். அந்த ஆள் இவ்வளவு மிச்சம் வைத்திருப்பான் என்று அவன் கண்டானா?

பிச்சைமணியின் கயிறும் சங்கிலியின் கயிறும் அச்சாக ஒரே நீளம். இழுத்துப் பார்த்தார்கள். நனைத்துப் பார்த்தார்கள். தலைகீழாகப் பிடித்தும் பார்த்தார்கள். மயிரிழை வித்தியாசம் இல்லை.

"ரெண்டு பேரிலே யாராவது ஒருத்தன் மூணாவதா இருங்கப்பா" என்று தவசி கெஞ்சினார்.

"ரெண்டாவதுதானே உசத்தி? நான் எதுக்கு இறங்கணும்?" என்றான் சங்கிலி.

"அவனும் நானும் சமம். அவன் இறங்காம நான் மட்டும் இறங்கினா அப்புறம் என்ன சமம்?" என்றான் பிச்சைமணி.

இரண்டு பேர் சொன்னதும் சரியாகவே பட்டதால், கூட்டம் இரண்டு பேருக்கும் தலையாட்டியது. தச்சுவேலை செய்யும் நல்லபெருமாள் மட்டும் காதிலிருந்து பென்சிலை எடுத்துத் தரையில் கோடு கிழித்து ஒரு கணக்குப் போட்டார்.

"இங்கே பாருங்க. ரெண்டாமிடம், மூணாமிடம், ஆக ரெண்டு இடம். ஆளும் ரெண்டு. ரெண்டு இடத்தையும் ஒண்ணாச் சேர்த்துச் சமமாப் பங்கு போட்டா ஆளுக்கு ரெண்டரை."

"ரெண்டரையாவது இடமா?"

"ஆமா. அந்த அரை இருக்கு பாருங்க, அது மூணாமிடத்திலேருந்து வந்த அரை. அப்ப இவன் அரை மாப்பிள்ளை, அவன் அரை மாப்பிள்ளை. ரெண்டு அரையைச் சேர்த்தா உங்க பொண்ணுக்கு ஒரு முழு மாப்பிள்ளை."

குப்பாண்டிக்கு இது பிடித்திருந்தது. ஆனால் செலவு செய்கிறவர் இல்லையா, சந்தேகம் வந்தது. "எப்படிப் பிரிக்கிறது? மேல்பாதி ஒருத்தன், கீழ்ப்பாதி ஒருத்தன்னா துண்டை யாருக்கு எடுக்கிறது, வேட்டியை யாருக்கு எடுக்கிறது?"

"சங்கிலிக்கு முகம் லட்சணம். மேல்பாதியை அவன்கிட்டே எடுத்துக்கலாம்" என்றார் தவசி.

"பிச்சைமணிக்குக் கால் உறுதி. ஆனா உட்கார்ந்தே பழகினது, நடக்குமான்னு பார்க்கணும்" என்றார் இன்னொருவர்.

தூண் மறைவில் நின்ற வெயிலுகந்தாள் கேட்டாள். "மிச்சம் இருக்கிற பாதிகளை என்ன பண்ணுவீங்க?"

"அதையும் சேர்த்தா இன்னொரு ஆள் ஆச்சும்மா. என் வேலையிலே சேதாரமே கிடையாது" என்று சொல்லிவிட்டு நல்லபெருமாள் ரம்பம் எடுத்துவரப் போனார்.

அவர் திரும்பி வந்தபோது சங்கிலியும் பிச்சைமணியும் புளியமரத்து உச்சியில் இருந்தார்கள். அங்கேயும் ஒரே கிளையில், ஒரே உயரத்தில்தான் இருந்தார்கள். இறங்கமாட்டோம் என்றார்கள்.

அந்த நேரம் பார்த்துச் சந்தைக்குப் போகும் வழியில் பக்கத்து ஊர்க் கணக்கு வாத்தியார் ஒருவர் சைக்கிளில் வந்தார். தவசி அவரை மறித்து விஷயத்தைச் சொன்னார். வாத்தியார் ஒரு காலை ஊன்றியபடியே, "ரெண்டு பேரும் சமம்னா ரெண்டு பேருக்கும் ஒரே இடத்தைக் கொடுங்க. அதுக்கு அடுத்த இடத்தை விட்டுடுங்க. அவங்களுக்கு அப்புறம் வர்றவனுக்கு நாலாமிடம். எங்க பள்ளிக்கூடத்திலே அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

அசமந்தம்பட்டிக்கு இவ்வளவு தெளிவாக யாரும் எதையும் சொன்னதில்லை. சாவடிக்கு முன்னால் கோலமாவால் வரிசையாக நான்கு கட்டங்கள் போட்டார்கள். முதல் கட்டத்தில் சுடலையை நிறுத்தினார்கள். ரம்பத்தை வீட்டுக்கு அனுப்பி மற்ற இருவரையும் புளியமரத்திலிருந்து இறக்கி, இரண்டாவது கட்டத்தில் சங்கிலியை நிறுத்தினார்கள். ஒரே இடத்தைக் கொடுக்கச் சொன்னதால், பிச்சைமணியைச் சங்கிலியின் தோள்மேல் ஏற்றி நிறுத்தினார்கள். மூன்றாவது கட்டத்தை விட்டுவிட்டார்கள். நான்காவது கட்டத்தில் மாசாணம்.

எல்லாரும் மூன்றாவது கட்டத்தைப் பார்த்தார்கள். அதில் ஓர் எறும்பு மட்டும் போய்க்கொண்டிருந்தது.

"ஐயா, மூணாமிடத்திலே மாப்பிள்ளையைக் காணோமே" என்றார் குப்பாண்டி.

"இடம் இருக்குல்ல? இடம் இருந்தா ஆள் வருவான். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கு" என்றார் தவசி.

காத்திருந்தார்கள். சோறு கட்டத்துக்கே வந்தது. பிச்சைமணி குழம்பைச் சிந்தினால் சங்கிலியின் தலையில் விழுந்தது. அதனால் ஊரார் சங்கிலிக்குத் தனியாகக் குழம்பு ஊற்றவில்லை.

வெயிலுகந்தாளை மூன்றாவது கட்டத்துக்கு எதிரே பாய் போட்டு உட்காரவைத்திருந்தார்கள், மாப்பிள்ளை வந்தால் முதலில் அவள் பார்க்கட்டும் என்று. அவளோ நான்காவது கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆள் அசந்த நேரமாகப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்.

"ஓரடி தள்ளி வந்து நின்னா என்ன?"

"ராத்திரி காலை நீட்டிப் பார்த்தேன். நாட்டாமை அதட்டினாரு."

"நீ இன்னும் ஒரு விரற்கடை வளரக்கூடாதா?"

"வளர்ந்தா நானும் ரெண்டாமிடம் ஆயிருவேன். பிச்சைமணி தோள்மேலே ஏத்திருவாங்க."

"அப்ப குறையேன்."

"குறைஞ்சாலும் நாலுதான்" என்றான் மாசாணம். நின்ற இடத்திலேயே நின்று அவன் இதைப் பல விதமாகக் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தான். எப்படிப் போட்டாலும் தனக்கும் தன் கல்யாணத்துக்கும் நடுவே ஒரு வெறும் கட்டம் கிடந்தது. ஓர் ஆள் குறுக்கே நின்றால் சண்டை போடலாம். ஆளே இல்லாத இடத்தோடு என்ன சண்டை போடுவது?

வெயிலுகந்தாள் முந்தானையால் ஒரு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவன் பார்க்கிறானே என்று அடுத்த கண்ணையும் துடைத்தாள். சமமாக இருக்கட்டும் என்று.

வியாழக்கிழமை சாயங்காலம் ஓர் எருமைக்கன்று வந்து மூன்றாவது கட்டத்தில் படுத்துக்கொண்டது. ஊரே திரண்டது. குப்பாண்டி அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். "அமைதியா இருக்கு. வேலை செய்யும். சாப்பாடும் வைக்கோல்தான்" என்றார். நல்லவேளையாக நல்லபெருமாள் குனிந்து பார்த்து, அது கிடாரிக்கன்று என்று கண்டுபிடித்தார். பெண்ணுக்குப் பெண்ணைக் கட்டிவைக்க முடியாது என்று வருத்தத்தோடு ஓட்டிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. மேளக்காரர்கள் வந்துவிட்டார்கள். மாலை வந்துவிட்டது. பந்தலுக்குப் பின்னால் பருப்பு வெந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை மட்டும் வரவில்லை. முகூர்த்தம் தப்பினால் மூன்று வருஷம். வெயிலுகந்தாள் பட்டுச்சேலையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

அப்போது குடையைச் சுருட்டிக்கொண்டு டவுன் ஜோசியர் வந்து சேர்ந்தார். தான் குறித்துக்கொடுத்த முகூர்த்தம், சாப்பாடு நன்றாக இருக்கும் என்று வந்திருந்தார். நல்ல வெயில். சாவடிக்கு முன்னால் வேப்பமரத்து நிழல் ஒரே ஓர் இடத்தில்தான் விழுந்திருந்தது. போய் அந்த நிழலில் நின்று, மேல்துண்டால் விசிறிக்கொண்டே, "மாப்பிள்ளை எங்கே?" என்று கேட்டார்.

மேளம் முழங்கியது. யாரோ அவர் கழுத்தில் மாலையைப் போட்டார்கள்.

ஜோசியர் கீழே பார்த்தார். அவர் நின்றது மூன்றாவது கட்டம்.

விஷயம் விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. விளங்கியதும் வெற்றிலையை விழுங்கிவிட்டார். "அடப்பாவிகளா, எனக்குப் பேரன் பேத்தி இருக்காங்க."

"அப்ப கல்யாணத்துக்கு நிறைய சொந்தக்காரங்க வருவாங்க" என்றார் குப்பாண்டி சந்தோஷமாக.

"நான் சொன்னது இந்த மூணாமிடம் இல்லை. கட்டத்திலே இருக்கிற மூணாமிடம்."

"கட்டத்திலேதான் சாமி நிக்கிறீங்க" என்றார் தவசி. "நல்லா எண்ணிப் பாருங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு. ஜாதகம் பொய் சொல்லாதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க?"

வாழ்நாள் முழுவதும் அதைச் சொல்லியே சாப்பிட்டவரால் அதை எப்படி மறுக்க முடியும்? ஜோசியர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வரிசையை இப்படியும் அப்படியும் பார்த்தார். இடப்பக்கம் ஒரு வாலிபன் தோளில் இன்னொரு வாலிபன் நின்றுகொண்டிருந்தான். வலப்பக்கம் ஒருவன் பெண்ணையே பார்த்துக் கண் கலங்கி நின்றான். பெண்ணும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜோசியம் பார்க்காமலே அவருக்கு விஷயம் புரிந்தது.

"இந்த ரெண்டு பேரும் எதுக்கு ஒருத்தன் மேலே ஒருத்தன் நிக்கிறாங்க?"

"உயரத்திலே சமம் சாமி."

"சமம்னா என்ன? ஒண்ணுதானே?"

கூட்டம் யோசித்தது. "ஒண்ணுதான்."

"ஒண்ணுன்னா ஓர் ஆள் கணக்குதானே?"

"அப்படித்தான் வருது."

"ஓர் ஆளுக்கு எதுக்கய்யா ரெண்டு இடம்? இவங்க ரெண்டாமிடத்தை வெச்சுக்கிட்டாங்க, அதோட சரி. அதுக்கு அடுத்தவன் மூணு. அந்தப் பையனை இந்தக் கட்டத்துக்கு வரச்சொல்லுங்க."

தவசி தலையைச் சொறிந்தார். "அடுத்த இடத்தை விட்டுடுங்கன்னு வாத்தியார் சொன்னாரே."

"எவ்வளவு நாளா விட்டிருக்கீங்க?"

"திங்கக்கிழமையிலேருந்து."

"இவ்வளவு நாள் விட்டதே அவருக்குப் போதும். இனிமே எடுத்துக்கலாம்."

வாத்தியார் எவ்வளவு நேரம் விடவேண்டும் என்று சொல்லவில்லை என்பது அப்போதுதான் எல்லாருக்கும் நினைவுக்கு வந்தது. "வாடா மாசாணம்" என்றார் தவசி.

மாசாணத்துக்குக் கால் மரத்துப்போயிருந்தது. இழுத்து இழுத்துக் கோட்டைத் தாண்டினான். தாண்டி ஜோசியர் பக்கத்தில் நின்றான். ஒரே கட்டத்தில் இரண்டு பேர் நிற்பதைக் கண்டதும் நான்கு பேர் ஓடிவந்து, ஜோசியரைத் தூக்கி மாசாணத்தின் தோள்மேல் ஏற்றப் பார்த்தார்கள். ஜோசியர் மாலையைக் கழற்றி அவன் கழுத்தில் மாட்டிவிட்டு, அந்த வயதில் யாரும் தாண்டாத தாண்டு தாண்டிக் கட்டத்துக்கு வெளியே போய் விழுந்தார்.

முகூர்த்தம் தப்பவில்லை. மூன்றாவது கட்டத்துக்குள்ளேயே மணையைப் போட்டார்கள். மாசாணம் தாலி கட்டினான். வெயிலுகந்தாள் குனிந்த தலை நிமிராமல், "வந்துட்டியா" என்றாள். "ஓரடிதான்" என்றான் அவன்.

அடுத்தது பந்தி. சங்கிலி வந்து முதல் பந்தியில் உட்கார்ந்தான். இலை போட்டார்கள். பருப்பு, சாம்பார், கூட்டு, அப்பளம், பாயசம், எல்லாவற்றையும் ஒரு பிடி பிடித்துவிட்டு எழுந்தான். சங்கிலியின் தோளிலிருந்து இறக்கிவிட்ட பிறகு நடை சரியாக வராமல், பிச்சைமணி பின்தங்கித்தான் வந்தான். அடுத்த பந்தியில் உட்கார்ந்து இலைக்காகக் கையை நீட்டினான்.

பரிமாறிக்கொண்டிருந்த தவசி வாளியோடு நின்று அவனைப் பார்த்தார். "ஏம்ப்பா, ஓர் ஆளுக்கு எத்தனை இலை? இப்பத்தானே சாப்பிட்டு எழுந்தே?"

"நானா? எப்போ?"

"முதல் பந்தியிலே. அப்பளம்கூட ரெண்டாந்தரம் கேட்டு வாங்கினியே."

பிச்சைமணி கணக்குப் போட்டுப் பார்த்தான். முதல் பந்தியில் உட்கார்ந்தது சங்கிலி. சங்கிலியும் தானும் ஓர் ஆள். ஜோசியரே சொல்லியாகிவிட்டது, ஊரும் ஒத்துக்கொண்டாகிவிட்டது. வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

"ஆமாண்ணே, மறந்தே போச்சு" என்று சொல்லி ஒரு பெரிய ஏப்பம் விட்டான். "சாம்பார்லே மட்டும் உப்பு கொஞ்சம் தூக்கல்."

எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டான்.